ஜான் எல்வே டிரேடைக் கடைசி முனை வரை வரைந்து பார்த்தேன்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் வரலாற்றில் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) டிரேட், அதாவது கைமாற்றம், என்று பேச்சு எடுத்தாலே 1983 வந்துவிடும். பால்டிமோர் கோல்ட்ஸ் முதல் தேர்வில் ஜான் எல்வேயை எடுத்தார்கள், அவர் அங்கே ஆட மாட்டேன், வேண்டுமானால் யாங்கீஸ் அணிக்கு பேஸ்பால் ஆடப் போகிறேன் என்றார், சில நாட்களிலேயே டென்வருக்குக் கொடுத்துவிட்டார்கள். டென்வர் அவரோடு ஐந்து சூப்பர் பவுலுக்கு (லீக்கின் இறுதிப் போட்டி) போய் இரண்டில் ஜெயித்தது, கோல்ட்ஸ் ஏமாந்தது என்று கதையை அதோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. எல்வேக்குப் பதிலாக வந்தவர்கள் என்ன ஆனார்கள், அவர்களைக் கொடுத்து யாரை வாங்கினார்கள் என்று கோடு போட்டுக்கொண்டே போனால் எங்கே நிற்கும்? அதைத்தான் வரைய ஆரம்பித்தேன்.

புது வீரர்களை அணிகள் எடுக்கும் டிராஃப்ட் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி. ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது, போன சீசனில் மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும், அப்படியே வரிசையாகச் சுற்றுச் சுற்றாக நடக்கும். அந்த எடுக்கும் உரிமையையே, அடுத்த வருடத்து உரிமையையும் சேர்த்து, அணிகள் கைமாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் ஒரு டிரேடின் வால் பல வருடம் நீள்கிறது.

முதலில் எக்செல்லில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை. கிளைகள் பிரிவதைக் காட்ட முடிகிறது, திரும்பச் சேர்வதைக் காட்ட முடியவில்லை. அப்புறம் பெரிய சார்ட் பேப்பர், அணிக்கு ஒரு நிறப் பென்சில்: கோல்ட்ஸ் நீலம், டென்வர் ஆரஞ்சு, அட்லாண்டா ஃபால்கன்ஸ் சிவப்பு, கிரீன் பே பச்சை. விதி ஒன்றே ஒன்று. ஒருவர் போகும்போது பதிலுக்கு ஏதாவது வந்தால் கோடு நீளும், சும்மா விடுவித்துவிட்டாலோ ஓய்வு பெற்றாலோ அங்கே முற்றுப்புள்ளி.

எல்வேக்குப் பதிலாக வந்தவை மூன்று. அதே டிராஃப்டில் டென்வர் நான்காவதாக எடுத்திருந்த கிறிஸ் ஹின்டன், மாற்று குவாட்டர்பேக் மார்க் ஹெர்மன், டென்வரின் 1984 முதல் சுற்றுத் தேர்வு. ஹெர்மன் கிளையை விட்டுவிடுங்கள். ஹின்டன் சாதாரண ஆள் இல்லை, குவாட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன், கோல்ட்ஸுக்கு ஆடியபோதே ஆறு முறை நட்சத்திர வீரர்களுக்கான ப்ரோ பவுலுக்குத் தேர்வானவர். 1984 தேர்வில் வந்தது ரான் சோல்ட், அவரும் லைன்மேன். (அதற்குள் கோல்ட்ஸ் அணியே ராத்திரியோடு ராத்திரியாக லாரிகளில் ஏற்றப்பட்டு இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டது.) 1988ல் சோல்ட்டை ஃபிலடெல்பியாவுக்குக் கொடுத்து முதல் சுற்றுத் தேர்வு ஒன்றை வாங்கினார்கள். 1989ல் அந்த 22வது தேர்வில் எடுத்தவர்தான் வைட் ரிசீவர் (வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) ஆண்ட்ரே ரைசன்.

இதுவரை வரைந்ததும் எனக்குப் பட்டது, கோல்ட்ஸ் அவ்வளவு ஏமாறவில்லையே என்று. வர மறுக்கும் ஓர் ஆளுக்குப் பதிலாக ஒரு முதல்தர லைன்மேன், நல்ல இன்னொரு லைன்மேன், அவர் வழியாக ஓர் அருமையான ரிசீவர். ஆனால் அடுத்த வருடமே இரண்டு கிளையும் ஒரே புள்ளியில் போய் விழுகின்றன. 1990ல் ஹின்டன், ரைசன் இருவரையும், கூடவே 1991 முதல் சுற்றுத் தேர்வையும் அட்லாண்டாவுக்குக் கொடுத்து அந்த வருட டிராஃப்டின் முதல் தேர்வை வாங்கினார்கள், ஜெஃப் ஜார்ஜ் என்ற ஒரே குவாட்டர்பேக்குக்காக. பந்தை வீசும் கை அபாரம், ஊரும் இண்டியானாபொலிஸ். ஆனால் அவரைக் காக்க வேண்டிய ஹின்டனையும் அவர் வீசுவதைப் பிடிக்க வேண்டிய ரைசனையும் கொடுத்துத்தானே அவரை வாங்கினார்கள்? 1991ல் கோல்ட்ஸ் பதினாறு ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்தது. என் கணக்கில் பெரிய தவறு 1983 இல்லை, 1990தான். எல்வேயை இழந்ததன் பலனை ஏழு வருடம் கழித்து ஒரே நாளில் கரைத்துவிட்டார்கள்.

சிவப்புப் பக்கம் வரைய இதைவிடச் சுவாரசியம். 1991ல் அட்லாண்டா இரண்டாம் சுற்றில், 33வதாக, பிரெட் ஃபார்வ் என்ற குவாட்டர்பேக் பையனை எடுத்தது. அங்கே அவர் வீசியது நான்கே பந்து, ஒன்றும் சேரவில்லை, இரண்டு எதிரணி கையில். மறு வருடமே முதல் சுற்றுத் தேர்வு ஒன்றுக்காகக் கிரீன் பேக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் 1994ல் குவாட்டர்பேக் வேண்டும் என்று அதே ஜெஃப் ஜார்ஜை கோல்ட்ஸிடமிருந்து வாங்கினார்கள், அதற்கு இரண்டு முதல் சுற்றுத் தேர்வு, ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு விலை. 1996ல் ஆடுகளத்து ஓரத்திலேயே பயிற்சியாளர் ஜூன் ஜோன்ஸோடு சண்டை, அதோடு சரி. அந்த சீசன் சூப்பர் பவுலில் கிரீன் பேயின் இரண்டாவது ஆட்டநகர்விலேயே ஃபார்வ் வீச, 54 கஜத்துக்குப் பிடித்து டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) போட்டவர் ஆண்ட்ரே ரைசன். அட்லாண்டா விட்ட இருவர்! மறு வருடச் சூப்பர் பவுலில் அந்தக் கிரீன் பேயை 31-24 என்று தோற்கடித்தது எல்வேயின் டென்வர். என் தாளில் பச்சையும் ஆரஞ்சும் முட்டிக்கொள்ளும் அந்த இடத்தை வரைந்துவிட்டுக் கொஞ்ச நேரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

நீலக் கோடு இன்னும் முடியவில்லை. ஜார்ஜைக் கொடுத்து வாங்கிய 1994 தேர்வோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஐந்தாம் இடத்துக்கு ஏறி ட்ரெவ் ஆல்பர்ட்ஸை எடுத்தார்கள், காயங்களால் அவர் மூன்று சீசனில் முடிந்தார். ஆனால் அதே டிரேடில் வந்த 1996 முதல் சுற்றுத் தேர்வு, 19வது, ரிசீவர் மார்வின் ஹாரிசன். குவாட்டர்பேக் பெய்டன் மேனிங்கும் ஹாரிசனும் சேர்ந்து போட்ட டச்டவுன்கள் 112. மேனிங் வந்தது டிரேடில் இல்லை, 1997ல் 3-13 என்று தோற்றதால் கிடைத்த முதல் தேர்வில், அதனால் அவருக்குப் புள்ளிக்கோடு மட்டும்தான். ஹாரிசன் 2008 சீசன் வரை ஆடினார், 2009ல் அவரை விடுவித்ததோடு கோட்டுக்கு முற்றுப்புள்ளி. எல்வே டிரேடின் வால் கால் நூற்றாண்டுக்கும் மேல் நீண்டிருக்கிறது! மேனிங்கின் புள்ளிக்கோடு 2012ல் டென்வருக்குப் போகிறது, அங்கே அவரை வரவேற்ற நிர்வாகி ஜான் எல்வே.

அடுத்த தாள் 2004ல் நடந்த ஈலை மேனிங் (பெய்டனின் தம்பி, அவரும் குவாட்டர்பேக்) டிரேட். காரணம் எர்னி அக்கோர்சி. 1983ல் கோல்ட்ஸ் பொது மேலாளராக இருந்து, எல்வேயைக் கொடுக்கக் கூடாது என்று நின்றவர், உரிமையாளர் இர்சே அவரை மீறி டிரேடை முடித்தார். இருபத்தோரு வருடம் கழித்து நியூயார்க் ஜயன்ட்ஸில் இருந்த அதே அக்கோர்சி, சான் டியாகோவுக்கு வர மறுத்த ஈலையை வாங்க குவாட்டர்பேக் ஃபிலிப் ரிவர்ஸையும் தேர்வுகளையும் கொடுத்தார். சான் டியாகோ பக்கம் ட்ரூ ப்ரீஸ் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கின் கோடும் இருக்கிறது. அதை வரைய 2001க்குப் போக வேண்டும், குவாட்டர்பேக் மைக்கேல் விக்கை எடுத்த அந்த வருட முதல் தேர்வை சான் டியாகோ விற்றது மறுபடி அட்லாண்டாவுக்குத்தான், எனவே சிவப்புப் பென்சில் இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறேன்.