கத்திரி வெயிலில் போர்வை

போன மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது, பெரம்பூர் வீட்டில் அம்மா ஃபேனை நிறுத்தச் சொன்னார். மொட்டைமாடிச் சூடு அறைக்குள் இறங்கும் மதிய நேரம். அவரோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். சில மாதங்களாகவே குரல் கரகரத்திருந்தது, சீப்பு நிறைய முடி. முதலில் பார்த்த டாக்டர் "வயசாகுதில்ல" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். நானும் "எழுந்து கொஞ்சம் நடம்மா, எல்லாம் சரியாகும்" என்றேன். அப்படிச் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

அடுத்துப் பார்த்த டாக்டர் அம்மாவை நாற்காலியில் முட்டி போட வைத்து, குதிகாலுக்கு மேலே சின்ன சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுத்துக்கொண்டது. "தைராய்டு பார்த்துடலாம்" என்றார்.

ரத்த டெஸ்டில் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் 46. நாலைந்துக்குள் இருக்க வேண்டியது. அப்படியானால் தைராய்டு அதிகம் சுரக்கிறதா என்று கேட்டேன். நேர்மாறாம். டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்புவது. தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் ரத்தத்தில் குறையக் குறைய, கழுத்தில் இருக்கும் தைராய்டைப் பார்த்து அது "இன்னும் கொடு, இன்னும் கொடு" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். உடம்புச் சூட்டுக்கான அடுப்பை எரிய வைப்பதே தைராக்ஸின்தான். அடுப்பு தணிந்தால் கத்திரியிலும் குளிரத்தானே செய்யும்?

தினம் 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை, வெறும் வயிற்றில். தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகுமாம், மெதுவாகத்தான் நிலைப்படும். அதனால் 6 வாரம் பொறுத்து மறுபடி டெஸ்ட். வந்தது 39. எனக்குப் பகீரென்றது.

மறுநாள் விடியற்காலையில் அம்மா கூடவே உட்கார்ந்து பார்த்தேன். தைராய்டு மாத்திரை, கூடவே கால்சியம் மாத்திரை, இரண்டுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் டிகாக்‌ஷன் காபி! கால்சியம் வயிற்றிலேயே தைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டுக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். காபியும் அது உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது மாத்திரை தலைமாட்டில், தண்ணீரோடு. ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்.

அடுத்த டெஸ்டில் 6.1. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும், டாக்டர் டோஸைச் சற்று கூட்டியிருக்கிறார். இன்று காலை அம்மா வாசலில் நின்று கீரைக்காரம்மாவைக் கூப்பிட்டார். பழைய குரல். பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது.