சிலிகாவில் டால்பின்: படகு ஏறுமுன் பேசவேண்டியவை

காட்பாடி வழியாகப் போகும் ஹவுரா ரயில்களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அதே ரயிலில் வேலூர், குடியாத்தம் பக்கத்துக் குழுக்களை ஒடிசாவின் குர்தா ரோடு ஸ்டேஷனில் இறக்கி, பூரிக்கு அப்பால் 50 கிலோமீட்டரில் இருக்கும் சாதபடா படகுத்துறைக்கு அழைத்துப்போவது எங்கள் வேலை. அதில் பாதி, சிலிகா ஏரியில் படகு நகர்வதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இங்கே இருப்பது ஐராவதி டால்பின். நீண்ட மூக்கு கிடையாது. உருண்டைத் தலை, முதுகில் மழுங்கிய சின்னத் துடுப்பு. துள்ளுவது அபூர்வம். மூச்சுவிட மேலே வந்து, சாம்பல் முதுகை வளைத்துக் காட்டிவிட்டு ஓரிரு நொடியில் இறங்கிவிடும். டிவியில் பார்த்த பாய்ச்சலை எதிர்பார்த்து வருகிறவர்கள் கண்ணெதிரே எழுந்ததையும் தவறவிடுகிறார்கள். அதனால் காலையில் முதல் படகு. காற்று எழுந்து சிற்றலை ஓடத் தொடங்கினால் அந்தச் சின்னத் துடுப்பு அலையோடு அலையாகிவிடும்.

அடுத்தது கூலி. "கிட்டப் போய்க் காட்டுங்க, தனியா தர்றோம்" என்று பயணிகள் சொல்லும் வார்த்தைதான் எல்லாக் கெடுதலுக்கும் தொடக்கம். படகுக்காரர் துரத்துவார், பக்கத்துப் படகுகளும் சூழும், டால்பின் மூழ்கி வேறெங்கோ எழும். சிலிகாவில் மொத்தமே 150 அளவில்தான் இருக்கின்றன. புரொப்பல்லர் வெட்டுவதும் மீன்வலையில் சிக்குவதும் அவற்றுக்குப் பெரிய ஆபத்து. மணிக்கணக்கில் கூலி பேசிவிட்டு, கிட்டப் போனதற்குத் தனிக்காசு இல்லை என்று கரையிலேயே சொல்லிவிடுவோம். நடுவில் சிப்பியை உடைத்து முத்து விற்பவர்களிடம் படகை ஒதுக்கக்கூடாது என்பதும் அந்தப் பேச்சில் சேர்த்தி. இல்லாவிட்டால் நல்ல நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

டால்பினுக்கு எதிரே போகாமல், பின்னாலும் விரட்டாமல், பக்கவாட்டில் மெதுவாகப் படகை ஓட்டவேண்டும். 50 மீட்டருக்கு முன்பே இன்ஜினை நிறுத்தச் சொல்கிறோம். இதில்தான் பலருக்குப் பொறுமை போகும். ஆனால் இன்ஜின் அடங்கினால்தான் 'புஸ்' என்று மூச்சுவிடும் சத்தம் கேட்கும். காது முதலில் பிடிக்கும், கண் அந்தப் பக்கம் திரும்பும். படகின் மூக்கைப் பன்னிரண்டு மணியாக வைத்து, "மூணு மணிப் பக்கம்" என்று சொல்லப் பழக்கினால் எல்லாரும் ஒரே ஓரத்துக்குப் பாய்ந்து படகு சாயாது. குட்டியோடு வந்தால் பின்வாங்கிவிடவேண்டும்.

பைனாகுலர் 8 மடங்கு போதும். அதற்கு மேல் போனால் படகாட்டத்தில் எதுவும் நிலைக்காது. குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் எல்லாப் படகிலும் இருக்காது. துறையிலேயே கேட்டு வாங்கி, பட்டையை இறுக்கிப் பார்த்த பிறகுதான் ஏற்றவேண்டும்.