33 என்று எழுதியிருந்த அட்டை

ஒன்றரை மாத ஊசிக்காகக் கொண்டுவந்த பெண் குழந்தை அது. விளவங்கோடு பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக எனக்குப் பதினான்காவது வருடம். புதன்கிழமை என்பதால் நல்ல கூட்டம். எடை பார்த்துவிட்டு டேப்பை எடுத்தேன். புருவத்துக்கு மேலே, பின்மண்டையின் துருத்திய இடத்தையும் சேர்த்துச் சுற்றினால் 31.5 சென்டிமீட்டர். டேப் வழுக்கியிருக்குமோ என்று இன்னும் இரண்டு முறை அளந்தேன். அதேதான்.

பிரசவம் நடந்த இடத்தில் கொடுத்த அட்டையில் 33 என்று இருந்தது. ஆறு வாரத்தில் தலை சுருங்குமா? பிறந்த அன்று அளக்காமலே கட்டத்தை நிரப்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஏனோதானோவென்று அளந்திருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறக்கும்போது பெண் குழந்தையின் தலைச் சுற்றளவு சராசரியாக 34 இருக்கும். ஆறு வாரத்தில் அது 37-ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் சின்னத் தலதான் சிஸ்டரே" என்றார் மாமியார். மண்டை ஓடு தானாக வளர்வதில்லை, உள்ளே மூளை வளர்ந்து தள்ளுவதால்தான் விரிகிறது என்று அவருக்குச் சொன்னேன். குழந்தையின் முகத்துக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோனேன். அது என்னைப் பார்க்கவில்லை. டார்ச் அடித்தால் கண் சுருங்கியது, கண்மணியும் தெளிவாகவே இருந்தது. ஆனாலும் பார்வை எதிலும் நிற்கவில்லை. அன்றே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தேன்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தபோது, இரண்டு விழித்திரைகளின் நடுவிலும் தழும்பு இருந்தது. விழித்திரை உண்டாவதும் கருவில் மூளை உண்டாகிற அதே திசுவிலிருந்துதான். அதனால் ஒன்றைத் தாக்குகிற கிருமி மற்றதையும் விடாமல் போகலாம். ஸ்கேனில் மூளையின் நீர் அறைகளைச் சுற்றிச் சுண்ணாம்புப் புள்ளிகள். மடிப்புகள் ஒரு பக்கம் பொடிப்பொடியாக நெருங்கிக் கிடந்தன.

2021 ஜூலையில் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் ஒரு கர்ப்பிணிக்கு, கொசு பரப்புகிற, கருவிலிருக்கும் குழந்தையின் தலையைச் சிறிதாக்கக்கூடிய ஜிகா வைரஸ் உறுதியானதிலிருந்து, சின்னத் தலை என்றாலே இங்கே எல்லாருக்கும் கொசுதான் ஞாபகம் வரும். நாங்களும் ரப்பர் தோட்டங்களில் மழைநீர் தேங்கிய சிரட்டைகளைக் கவிழ்த்துக்கொண்டே நடந்தவர்கள்தான். ஆனால் ருபெல்லா வைரஸாலும், டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியாலும், மரபணுக் கோளாறாலும் இப்படி வரும். இந்தக் குழந்தையின் விஷயத்தில் டாக்டர்கள் சந்தேகப்பட்டது சைட்டோமெகலோ வைரஸை. கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சல் போலக்கூடக் காட்டாமல் வந்து போய்விடுகிற கிருமி அது.

சந்தேகம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிறந்து மூன்று வாரத்துக்குள் சிறுநீரிலோ எச்சிலிலோ அந்த வைரஸ் அகப்பட்டால்தான் கருவிலேயே வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதற்குப் பிறகு அகப்பட்டால் தாய்ப்பால் வழியாக வந்ததாகக்கூட இருக்கலாம். மருந்து தொடங்குவதற்கும் முதல் மாதம்தான் நல்ல நேரம். அட்டையில் இருந்த அந்த 33 எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த நாட்களைத்தான்.

"கிரகணத்தன்னைக்கு நான் வெளிய எறங்குனேன் சிஸ்டரே, அதனாலயா?" என்று அந்தத் தாய் என் கையைப் பிடித்துக் கேட்டாள். இல்லை மக்களே, நீ செய்த எதனாலும் இல்லை என்றேன். ஒரு தடவை சொன்னது போதவில்லை. போகும்போதெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது குழந்தைக்கு மூன்று வயது. காது பரிசோதனை தவறாமல் நடக்கிறது, பிசியோதெரபியும் உண்டு. தலையணை வைத்துச் சாய்த்தால் உட்காருகிறாள். போன மாதம் போனபோது தாய் வருத்தப்பட்டாள்: "நான் கூப்பிட்டா மொகத்தத் திருப்பிக்கிறா." நான் எதிரே உட்கார்ந்து கவனித்தேன். நடுவிழியில் தழும்பு இருப்பதால் அவள் ஓரக்கண்ணால் பார்க்கிறாள். "அவ உன்னப் பாக்கத்தான் திரும்புகா" என்றேன். தாய் மறுபடி கூப்பிட்டாள். குழந்தை முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே இருந்தது. தாயும் தலையைச் சாய்த்து அந்த ஓரக்கண்ணுக்கு நேராக வந்தாள்.