மாற்று ஸ்ட்ரைக்கருக்கு எத்தனை நிமிடங்கள் இருக்கின்றன?

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான ஆர்சனலின் ரசிகர்கள் நான்கு பேர் ஒன்றுகூடினால், எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். முதல் ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிப்பதற்கென்றே முன்னே நிற்பவர், நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது, பெஞ்சில் உட்கார வைப்பதற்கென்று இன்னொருவரைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? வேண்டாம் என்று சொல்லும் நண்பர்களின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. திறமையுள்ள ஸ்ட்ரைக்கர் பெஞ்சில் உட்காரச் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கிறவர் நம் தரத்துக்கு எட்ட மாட்டார், ஆகவே அந்தப் பணத்தை வேறு இடத்தில் செலவிடுவதே மேல் என்கிறார்கள். அவசரத்துக்கு ஒரு விங்கரையோ (பக்கவாட்டில் ஆடும் முன்கள ஆட்டக்காரர்) மிட்ஃபீல்டரையோ (நடுக்கள ஆட்டக்காரர்) நடுவில் நிறுத்திச் சமாளித்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மாற்று ஸ்ட்ரைக்கர் கட்டாயம் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் அவரை முதல் ஸ்ட்ரைக்கரின் நகலாகத் தேடக் கூடாது; அவருக்குக் கிடைக்கப்போகும் நிமிடங்கள் எவை, எத்தனை என்று முதலில் கணக்குப் போட்டு, அந்த நிமிடங்களுக்குப் பொருத்தமான ஆளைத் தேட வேண்டும்.

2024-25 சீசனை நினைத்தால் இன்னும் எனக்கு மனம் ஆறவில்லை. 2025 ஜனவரி 12 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான எஃப்ஏ கோப்பை ஆட்டத்தில் நம் ஸ்ட்ரைக்கர் கேப்ரியல் ஜெசூஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்ஃபர் காலம் முடிய அப்போது மூன்று வாரங்கள் இருந்தன. ஆஸ்டன் வில்லாவின் ஸ்ட்ரைக்கர் ஒல்லி வாட்கின்ஸைக் கேட்டுப் பார்த்தார்கள், வில்லா மறுத்துவிட்டது. வேறு எவரும் வரவில்லை. பிப்ரவரி 3 அன்று கதவு அடைபட்டது. அடுத்த சில நாட்களிலேயே துபாயில் நடந்த பயிற்சி முகாமில், முன்னே ஆட மிச்சமிருந்த காய் ஹாவர்ட்ஸின் தொடைப் பின்தசை கிழிந்து, அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. விங்கர்களில் சாக்கா டிசம்பரிலிருந்தே களத்துக்கு வெளியே இருந்தார், மார்ட்டினெல்லியும் காயம்பட்டிருந்தார். பட்டத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த ஓர் அணியில், பிப்ரவரி நடுவில், ஸ்ட்ரைக்கர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர்கூட மிஞ்சவில்லை.

அப்போது பயிற்சியாளர் ஆர்டெட்டா முன்னே நிறுத்தியது மிக்கேல் மெரினோ என்ற மிட்ஃபீல்டரை. பிப்ரவரி 15 அன்று லெஸ்டருக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அவர், கடைசிப் பத்து நிமிடங்களுக்குள் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை வென்று கொடுத்தார். மாற்று ஸ்ட்ரைக்கர் தேவையில்லை என்று வாதிடும் ஒவ்வொரு நண்பரும் இந்த ஆட்டத்தைத்தான் முதலில் எடுத்து வைப்பார். நான் அதற்கு அடுத்த இரண்டு ஆட்டங்களை எடுத்து வைப்பேன். பிப்ரவரி 22 அன்று வெஸ்ட் ஹாமிடம் சொந்த மைதானத்தில் 0-1 என்று தோற்றோம். நான்கு நாள் கழித்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு 0-0. இரண்டு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. சீசன் முடிந்தபோது லிவர்பூல் 84 புள்ளிகள், நாம் 74. அந்தப் பத்துப் புள்ளிகளும் ஸ்ட்ரைக்கர் இல்லாததால் மட்டுமே போயின என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் பட்டப் போட்டி கையை விட்டு நழுவிய வாரம் எது என்று கேட்டால், அந்த வாரம்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

லெஸ்டரிடம் எடுபட்டது வெஸ்ட் ஹாமிடம் ஏன் எடுபடவில்லை என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். மெரினோவின் பலம், பின்னாலிருந்து தாமதமாக ஓடி வந்து, யாரும் கவனிக்காத நேரத்தில் பெனால்டி பகுதிக்குள் நுழைந்து தலையால் முட்டுவது. களைத்துப்போன பாதுகாப்பு வரிசையை இருபது நிமிடங்களுக்கு அப்படித் திணறடிக்கலாம். ஆட்டத் தொடக்கத்திலிருந்தே நடுவில் நிற்பது முற்றிலும் வேறு வேலை. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னால் ஒரு சென்டர் பேக் (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) இடித்துக்கொண்டே இருக்க, வரும் பந்தை நிறுத்தித் தோழருக்குத் தட்டிவிட வேண்டும். பந்தே வராத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருந்து, இரண்டு சென்டர் பேக்குகளையும் தன்னை விட்டு நகரவிடாமல் கட்டிப்போட வேண்டும். அவர்கள் கட்டுண்டு கிடந்தால்தான் விங்கருக்குப் பக்கவாட்டில் இடம் திறக்கும். இந்த வேலை கோல் கணக்கில் வராது, ஆட்டச் சுருக்கக் காணொளியிலும் தெரியாது. அது இல்லாத நாளில் அணி முழுவதும் பெனால்டி பகுதிக்கு வெளியே பந்தை இப்படியும் அப்படியுமாகத் தட்டிக்கொண்டிருப்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

வில்லா ஏன் மறுத்தது என்பதையும் நம் ஆட்கள் யோசிப்பதில்லை. அதே ஜனவரியில் வில்லா தன்னுடைய மாற்று ஸ்ட்ரைக்கரான ஜான் டுரானைச் சவூதி கிளப்பான அல் நாசருக்கு விற்றிருந்தது. 2024 அக்டோபரில் பெஞ்சிலிருந்து இறங்கி, பயர்ன் மியூனிக்கின் கோல்கீப்பர் நோயர் முன்னேறி நிற்பதைப் பார்த்துத் தொலைவிலிருந்தே பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கி அடித்து 1-0 வெற்றி வாங்கிக் கொடுத்த அதே டுரான்தான். அவரை அனுப்பிவிட்ட பிறகு வாட்கின்ஸையும் எப்படி விடுவார்கள்? மாற்று ஸ்ட்ரைக்கர் இல்லாத கிளப்புக்கு விற்கும் சுதந்திரமும் போய்விடுகிறது, ஜனவரியில் வாங்கப் போனால் பேரம் பேசும் பலமும் போய்விடுகிறது. ஸ்ட்ரைக்கரே இல்லாமல் வருகிறவனிடம் எந்தக் கிளப்பும் நியாயமான விலை சொல்லாது.

இனி நிமிடக் கணக்குக்கு வருகிறேன். ஆர்சனல் 2024-25இல் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து ஆடியது 58 ஆட்டங்கள்: லீக்கில் 38, சாம்பியன்ஸ் லீக்கில் 14, கராபாவ் கோப்பையில் (இங்கிலாந்தின் லீக் கோப்பை) 5, எஃப்ஏ கோப்பையில் 1. கூடுதல் நேரத்தை விட்டுவிட்டாலும் 5,220 நிமிடங்கள் ஆகின்றன. முதல் ஸ்ட்ரைக்கர் காயமே படாமல் 45 முழு ஆட்டங்களுக்கு ஈடாக ஆடுகிறார் என்று வைத்துக்கொண்டால், அதுவே 4,050 நிமிடங்கள். அதற்கு மேல் ஓடவிட்டால் தொடைத் தசை தாங்காது. மீதி 1,170 நிமிடங்கள், அதாவது 13 முழு ஆட்டங்கள். இது எல்லாம் நல்லபடியாக நடந்தால் வரும் கணக்கு. இரண்டு மாதக் காயம் ஒன்று வந்துவிட்டால் இது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். சாம்பியன்ஸ் லீக்கின் தொடக்கக் கட்டமே 2024 முதல் ஆறு ஆட்டங்களிலிருந்து எட்டாகிவிட்டது. பிரீமியர் லீக்கில் 2022-23 முதல் ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம். மூன்று பேரை மட்டுமே மாற்ற முடிந்த காலத்தில், பெஞ்சில் ஒரு ஸ்ட்ரைக்கரை வைத்திருப்பது ஆடம்பரம் என்று சொன்னதில் ஏதோ நியாயம் இருந்தது. இன்று 65ஆவது நிமிடத்தில் புதுக் கால்களை இறக்காத அணிதான் விட்டுக்கொடுத்து ஆடுகிறது.

இந்த நிமிடங்கள் எப்படிப்பட்டவை என்பதுதான் எனக்கு முக்கியம். பெரும்பாலானவை ஆட்டத்தின் கடைசி அரை மணி நேரத்தில் வருபவை. எதிரணி பத்துப் பேரையும் பெனால்டி பகுதியில் குவித்து வைத்திருக்கும் நேரம் அது. அங்கே முதல் ஸ்ட்ரைக்கரைப் போலவே ஆடும், அவரைவிடக் கொஞ்சம் குறைந்த ஒருவரை இறக்கினால், ஒரு மணி நேரமாகத் தடுத்துப் பழகிய விஷயத்தையே பாதுகாப்பு வரிசை இன்னும் எளிதாகத் தடுத்துவிடும். வேறு விதமான ஆள் வேண்டும்.

நம்மிடமே அப்படி ஒருவர் இருந்தார். 2017 மே 27, வெம்ப்ளியில் செல்சியோடு எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம். செல்சியின் டியகோ கோஸ்டா சமன் செய்து ஸ்கோர் 1-1. வெல்பெக்குக்குப் பதிலாக ஒலிவியே ஜிரூ இறங்குகிறார். இறங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது; நடுவில் நிற்பார் என்று எல்லாரும் எதிர்பார்க்கும் அந்த நெடிய மனிதர், இடது பக்கம் விலகி ஓடிப் பந்தை வாங்கி, குறுக்கே தூக்கிப் போடுகிறார். அவர் விட்டுப்போன இடத்துக்குள் ஓடி வந்த ராம்சி தலையால் முட்டுகிறார். 2-1, கோப்பை நம்முடையது. அதே ஆகஸ்டில் லெஸ்டருக்கு எதிராக மீண்டும் பெஞ்சிலிருந்து இறங்கி, 85ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி 4-3 ஆக்கினார். 2018 ஜனவரியில் ஒபாமெயாங் என்ற புது ஸ்ட்ரைக்கர் வந்தபோது ஜிரூவைச் செல்சிக்கே விட்டுக்கொடுத்தோம். 2019இல் பாக்குவில் நடந்த யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் நமக்கு எதிராகவே அவர் முதல் கோலைப் போட்டார். அந்தத் தொடரில் 11 கோல்களோடு அதிகக் கோல் அடித்தவரும் அவர்தான். அவர் போன பிறகு அந்த இடத்தை நாம் சரியாக நிரப்பியதே இல்லை என்பது என் ஆதங்கம்.

பெஞ்சில் உட்காரச் சம்மதிக்கிறவர் தரமானவராக இருக்க மாட்டார் என்ற வாதத்துக்கு ஜொசேலுவே பதில். 2023 கோடையில் முதல் ஸ்ட்ரைக்கர் பென்சிமா விலகியதும், ரியல் மாட்ரிட் போன்ற கிளப் கீழ்நிலை லீக்குக்கு இறங்கிவிட்ட எஸ்பான்யோலிடமிருந்து முப்பது வயதைத் தாண்டிய ஒருவரைக் கடனாக வாங்கியது. 2024 மே 8, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, பயர்ன் 1-0 முன்னிலை. அன்றிரவு நோயர் எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டிருந்தார். 88ஆவது நிமிடத்தில் வினீசியுஸ் அடித்த பந்து அப்படியொன்றும் அபாயமானது இல்லை. நோயர் அதைப் பிடித்துவிடுவார் என்றுதான் மைதானமே நினைத்திருக்கும். ஜொசேலு மட்டும், வினீசியுஸின் காலிலிருந்து பந்து கிளம்பும்போதே கோலை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார். நோயரின் மார்பில் பட்டுப் பந்து நழுவியது. எதிரே ஜொசேலு நின்றிருந்தார். சில நிமிடங்களில் ரூடிகரின் குறுக்குப் பந்தை வலைக்குள் தட்டி இரண்டாவதையும் போட்டார். கொடி தூக்கப்பட்டு, காணொளிச் சரிபார்ப்புக்குப் பின் அது கோலானது. நூறு முறை ஓடி, தொண்ணூற்றொன்பது முறை பந்து வராமல் திரும்பி வந்த ஒருவருக்குத்தான் அந்த ஓட்டம் இயல்பாக வரும். மிட்ஃபீல்டரை முன்னே நிறுத்தினால் இந்தப் பழக்கத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

நம் பரம எதிரியான டாட்டன்ஹாமின் கதையை ஆர்சனல் ரசிகன் எழுதுவது வழக்கமில்லை, ஆனால் இந்த விஷயத்தில் அதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. 2019 ஏப்ரலில் அவர்களின் முதல் ஸ்ட்ரைக்கர் ஹாரி கேன் காயம்பட்டார். மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து இறங்கிய ஃபெர்னாண்டோ யொரெந்தேவின் இடுப்பில் பட்டு உள்ளே போன பந்துதான் அவர்களை அரையிறுதிக்கு அனுப்பியது. அரையிறுதியில் அயாக்ஸோடு இடைவேளைக்குப் பின் அவர் இறங்கியதும் ஆட்டத்தின் போக்கே மாறியது. அந்தக் கோடையில் அவரை அனுப்பிவிட்டு, பதிலுக்கு ஒருவரையும் வாங்கவில்லை. 2020 புத்தாண்டு அன்று கேனின் தொடைத் தசை கிழிந்தது, அந்த ஜனவரியிலும் ஸ்ட்ரைக்கர் வரவில்லை, பிப்ரவரியில் இன்னொரு முன்கள ஆட்டக்காரரான சன்னின் கை முறிந்தது, சாம்பியன்ஸ் லீக்கில் லைப்சிக்கிடம் இரண்டு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூடப் போடாமல் வெளியேறினார்கள்.

லெஸ்டர் பட்டம் வென்ற 2016ஐப் பற்றிப் பேசும்போது அவர்களின் மாற்று ஸ்ட்ரைக்கர் உயோவாவின் பெயர் அநேகமாக விட்டுப்போய்விடுகிறது. ஏப்ரல் 17 அன்று முதல் ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டி சிவப்பு அட்டை வாங்கி வெளியேற்றப்பட்டார். அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பெனால்டியைப் போட்டு 2-2 ஆக்கியவர் உயோவா. வார்டிக்கு இரண்டு ஆட்டத் தடை. அடுத்த வாரம் ஸ்வான்சீக்கு எதிராக உயோவா தொடக்கத்திலிருந்து இறங்கி இரண்டு கோல் போட்டார், 4-0. வார்டி ஓட்டத்தால் வெல்பவர். உயோவா உயரத்தாலும் உடல் பலத்தாலும் வெல்பவர். ஸ்வான்சீக்கு எதிரான அவரது முதல் கோல் ஃப்ரீ கிக்கைத் தலையால் முட்டிப் போட்டது.

இந்தத் திட்டம் சறுக்கிய இடங்களும் உண்டு. நெதர்லாந்து லீக்கில் 27 கோல் போட்ட வின்சென்ட் யான்சென், 2016இல் டாட்டன்ஹாமில் கேனுக்கு மாற்றாக வந்து, முதல் லீக் சீசனில் இரண்டே கோல் போட்டார். ரியல் மாட்ரிட் 2018இல் மரியானோ டியாஸைத் திரும்ப வாங்கி, ரொனால்டோ விட்டுப்போன ஏழாம் எண் சட்டையைக் கொடுத்து, 2023 வரை பெரும்பாலும் பெஞ்சிலேயே வைத்திருந்தது. இருவரும் வளர்கிற வயதில் இருந்தவர்கள், வாரம் தவறாமல் ஆடினால்தான் கால் சூடாகும் வகை. அப்படிப்பட்டவருக்கு 1,170 நிமிடங்கள் போதாது. உயோவாவும் ஜொசேலுவும் அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள். இருபது நிமிடம் கொடுத்தால் அந்த இருபது நிமிடத்துக்கான வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள்.

கிளப்பின் இளைஞர் பயிற்சிக்கூடமான அகாடமியின் பையன் ஒருவனை வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனையும் வருகிறது. 2009 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக முதன்முறை இறங்கிய 17 வயது மக்கேடா, வில்லாவுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் வெற்றிக் கோல் போட்டதை யாரும் மறக்கவில்லை. முன்கள ஆட்டக்காரர்கள் ரூனி தடையிலும் பெர்பட்டோவ் காயத்திலும் இருந்ததால் கிடைத்த வாய்ப்பு அது. ஆனால் அதன் பிறகு அவரால் அந்த அணியில் நிலைக்க முடியவில்லை. இளைஞனை மூன்றாவது ஆளாக வைத்து வளர்க்கலாம். முதல் ஆளுக்குக் காயம் என்றதும் பட்டப் போட்டியின் முழுச் சுமையையும் அவன் தலையில் வைப்பது அவனுக்கும் நல்லதில்லை.

ஆகவே என் நண்பர்களிடம் நான் கேட்பது பெரிய தொகை எதையும் இல்லை. முப்பதை ஒட்டிய வயது, முதல் ஸ்ட்ரைக்கரிடம் இல்லாத ஏதோ ஒரு திறமை, முடிந்தால் ஓர் ஆண்டுக் கடன் ஒப்பந்தம். கையெழுத்திடும் முன்பே அவரை உட்கார வைத்து, லீக்கில் தொடக்கத்திலிருந்து எத்தனை ஆட்டங்கள் கிடைக்கும், கோப்பை ஆட்டங்கள் யாருடையவை, எந்த மாதிரி நிலைமையில் அவர் இறங்குவார் என்பதை ஆர்டெட்டா ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். சொன்னபடி கராபாவ் கோப்பையில் நம் முதல் ஆட்டத்திலிருந்தே அவரை ஆடவிடவும் வேண்டும். பிப்ரவரியில் அவசரமாக இறக்கும்போது, அவர் கால்களில் ஏற்கெனவே ஐந்நூறு நிமிட ஆட்டமாவது இருக்க வேண்டும்.