கிளஸ்டர் தயார், அப்புறம்?

டேட்டாபேஸை நாமே சர்வரில் நிறுவி, பேட்ச் போட்டு, டிஸ்க் நிறைகிறதா என்று ராத்திரியிலும் எட்டிப் பார்த்துப் பழகியவன் நான். புதிய வேலைக்கு மாங்கோடிபி அட்லஸ் (மாங்கோடிபி டேட்டாபேஸை அதன் நிறுவனமே கிளவுடில் நடத்தித் தரும் சேவை) என்று முடிவானபோது, என் பாடு பாதியாகக் குறையும் என்று நினைத்தேன். குறையவும் செய்தது. எந்தப் பாதி என்பதில்தான் சுவாரஸ்யம்.

செய்யவேண்டியது இயந்திரங்களின் சோதனை அறிக்கைகளைச் சேமிக்கும் செயலி. கம்ப்ரஸருக்கு ஒரு படிவம், பாய்லருக்கு வேறொரு படிவம். ஒரே அட்டவணைக்குள் அடக்கினால் பாதிக் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். ஒவ்வொரு பதிவும் தனக்கு வேண்டிய கட்டங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் மாங்கோடிபியின் ஆவண வடிவம் பொருத்தமாகத் தெரிந்தது. கிளவுட் நிறுவனம், ரீஜன் (சர்வர்கள் இருக்கும் பகுதி), அளவு, இவற்றைத் தேர்ந்தெடுத்துச் சில பொத்தான்களை அழுத்தினால் மூன்று நோடுகள் (சர்வர்கள்) கொண்ட ரெப்ளிகா செட், அதாவது ஒரே தரவின் நகலை ஒவ்வொன்றிலும் வைத்திருக்கும் கிளஸ்டர், வந்து நிற்கிறது. இலவச எம்0 அடுக்கிலும் மூன்று நோடுகள்தான். ஆனால் இடம் 512 எம்பி மட்டுமே, பேக்கப்பும் கிடையாது. பழகிப் பார்க்க அது போதும். செயலி ஓடும் ரீஜனிலேயே டேட்டாபேஸையும் வைத்துவிடுங்கள், அதற்கு மேல் அந்தத் திரையில் யோசிக்க அதிகம் இல்லை.

யோசிக்க வேண்டியதையெல்லாம் அந்தத் திரை கேட்பதே இல்லை. ஓர் இயந்திரத்தின் அறிக்கைகள் எங்கே இருக்க வேண்டும்? இயந்திரத்தின் ஆவணத்துக்குள்ளேயே ஒரு அர்ரேயாக (வரிசைப் பட்டியலாக) போட்டுவிடலாம், ஒரே வாசிப்பில் எல்லாம் கிடைக்கும் என்றார் குழுவில் ஒருவர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாங்கோடிபியில் ஓர் ஆவணத்தின் உச்ச அளவு 16 எம்பி. இயந்திரம் ஓடும்வரை அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கும், அந்த அர்ரேவுக்கு முடிவே இல்லை. வரம்பைத் தொடுவதற்கு முன்பே, ஒரு சின்ன விவரத்தைப் படிக்கக்கூட முழு ஆவணத்தையும் நினைவகத்துக்கு இழுக்கவேண்டிய நிலை வந்துவிடும்.

நெடுநேரம் வாதாடினோம். கடைசியில் தீர்த்துவைத்தது, “திரையைத் திறந்ததும் பயனர் எதைப் பார்க்கிறார்?” என்ற கேள்வி. கடைசிச் சில அறிக்கைகளின் சுருக்கத்தை மட்டும்தான். அதை இயந்திரத்தின் ஆவணத்திலேயே வைத்தோம். முழு அறிக்கைகள், ஆவணத் தொகுப்பான தனி கலெக்‌ஷனுக்குப் போயின. அங்கே இயந்திர எண், தேதி இரண்டையும் சேர்த்து ஒரு இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அகரவரிசை போன்றது). தேடல் எந்த வழியில் நடக்கிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையை ஓட்டிப் பார்த்ததும், முழு கலெக்‌ஷனையும் துழாவிய தேடல் இன்டெக்ஸ் வழியே போவது தெரிந்தது. சுருக்கம் இரண்டு இடங்களில் இருக்கிறதே என்று ஒரு விவரத்தை ஒரே இடத்தில் வைக்கச் சொல்லும் எஸ்க்யூஎல் அட்டவணைகளில் வளர்ந்த மனசுக்கு உறுத்தத்தான் செய்யும். எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அடுத்தது கதவு. அட்லஸில், பட்டியலில் இருக்கும் ஐபி முகவரிகளிலிருந்து மட்டுமே இணைய முடியும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு ஐபி மாறிக்கொண்டே இருக்கும். உடனே யாராவது “0.0.0.0/0 போட்டுடுங்க, முடிஞ்சுது” என்பார். உலகத்துக்கே திறந்துவைப்பது அது. 2017 ஜனவரியில், கடவுச்சொல்கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி சர்வர்களில் தரவை அழித்துவிட்டு, பணம் கேட்டுக் குறிப்பு வைத்துப் போனார்கள். அட்லஸில் கடவுச்சொல்லும் டிஎல்எஸ் குறியாக்கமும் கட்டாயம் என்பதால் அதே கதி வராது. ஆனாலும் ஒரு கடவுச்சொல்லை மட்டும் நம்பி உட்கார எனக்கு மனம் வரவில்லை. தற்காலிகமாகச் சேர்க்கும் ஐபி தானாகவே காலாவதியாகும் வசதி இருக்கிறது. அதைப் பழக்கமாக்கினோம். ப்ரொடக்‌ஷனுக்குப் பிரைவேட் எண்ட்பாயின்ட், அதாவது பொது இணையத்தில் போகாத தனி இணைப்பு.

(கடவுச்சொல்லில் @ குறி இருந்தால், இணைப்பு முகவரியில் அதை %40 என்று எழுத வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஃபயர்வாலைத் திட்டுபவர்கள் ஏராளம்.)

பேக்கப்பை இயக்கியதோடு விடாமல், வேறொரு கிளஸ்டரில் மீட்டும் பார்த்தோம். தரவு வந்தது. முகவரி மட்டும் வேறு, அதனால் செயலியின் அமைப்பில் அதை எங்கெல்லாம் மாற்ற வேண்டும் என்று எழுதிவைத்தோம்.

எனக்கு மிகவும் பிடித்தது, எழுதுவதை ஏற்றுக்கொள்ளும் பிரைமரி நோடை வேண்டுமென்றே இறக்கிப் பார்க்கும் சோதனை. அட்லஸில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. எல்லோரையும் கூட்டிவைத்து அழுத்தினோம். செயலி சில விநாடிகள் தடுமாறியது, நோடுகளுக்குள் தேர்தல் முடிந்து இன்னொரு நோடு பிரைமரியானதும் எதுவும் நடக்காததுபோல் தொடர்ந்தது. செயலியை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவரே, தோற்றுப்போன எழுதும் செயலை மறுபடி முயல்கிறது. ஆனால் பின்னணியில் பழைய அறிக்கைகளின் நிலையை மொத்தமாக மாற்றிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுபோனது. பல ஆவணங்களை ஒரே கட்டளையில் மாற்றும் அப்டேட்மெனிக்கு அந்த மறுமுயற்சி கிடையாது. எதுவரை மாறியது என்று ஸ்கிரிப்டுக்கும் தெரியவில்லை. அதைச் சிறு சிறு தொகுதிகளாக உடைத்து, ஏற்கெனவே மாறியதைத் தாண்டிப் போகும்படி திருத்தி, பொத்தானை மறுபடி அழுத்தினோம். இந்த முறை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.