அதிராம்பட்டினத்தில் ஒரு பழைய என்டர்பிரைஸ்

பாய்ப்படகு வாங்கியிருக்கிறோம் என்றால் எங்கள் பட்டுக்கோட்டையில் பாதிப் பேர் "மீன் பிடிக்கவா?" என்கிறார்கள். மீதிப் பேர் "நாகப்பட்டினத்துலயா விடுறீங்க?" என்கிறார்கள். இரண்டும் இல்லை.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நாகப்பட்டினமும் தரங்கம்பாடியும் சரிப்படாது. அங்கே வங்கக்கடல் நேராக வந்து கரையில் உடைகிறது. சின்னப் படகை அந்த அலையைத் தாண்டிக் கொண்டுபோவதற்குள் பாதி நாள் போய்விடும், இல்லையென்றால் படகே போய்விடும். கோடியக்கரையில் கரை மேற்கே திரும்பியதும் கதை வேறு. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் என்று பாக் விரிகுடாப் பக்கம் வந்துவிட்டால் பெரிய அலை உடைவது அபூர்வம். ஆழமும் இல்லை. கரையை விட்டு நன்றாகத் தள்ளிப் போன பிறகும் மார்பளவுத் தண்ணீர்தான். சென்னையிலிருந்து வந்த என் தம்பி "இது கடலா, குளமாக்கா?" என்று கிண்டல் செய்தான். செய்யட்டும். கவிழ்ந்தால் எழுந்து நிற்கலாம் என்பது எவ்வளவு பெரிய தைரியம் என்று கவிழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

படகு 'என்டர்பிரைஸ்' வகை. 1956இல் ஜாக் ஹோல்ட் என்பவர் இங்கிலாந்தில் வடிவமைத்தது. நீளம் 13 அடி 3 அங்குலம். இரண்டு பேர் ஓட்ட வேண்டும். பெரிய பாயும் முன்பாயும் சேர்ந்து ஏறக்குறைய 113 சதுர அடி வரும். இந்த வகைக்கு நீலப் பாய்தான் அடையாளம். எங்களுடையது வெளுத்து, பலமுறை துவைத்த பள்ளிச் சீருடை போல இருக்கிறது. சென்னையில் ஒருவருடைய கார் ஷெட்டில் கிடந்ததை வாங்கி, டாடா 407இல் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

பழைய படகு பார்க்கப் போகிறவர்கள் முதலில் உடம்பில் உள்ள விரிசலைத்தான் பார்த்துப் பயப்படுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பயப்படவே வேண்டாம். சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள்தான். ஃபைபர் மேட் துணியும் ரெசின் பசையும் வைத்து ஒட்டத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். எங்கள் படகின் அடியில் இருந்த வெடிப்பை ஒரே மாலையில் அடைத்துக் கொடுத்தார்கள். பார்க்க வேண்டியது மேலே இருப்பவற்றை. பாய்த்துணி நைந்திருக்கிறதா, பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கம்பியில் இழை பிரிந்திருக்கிறதா, அலுமினியப் பாய்மரத்தில் ஸ்டீல் ஆணி அறைந்த இடமெல்லாம் உப்பில் பூத்து வெள்ளையாகியிருக்கிறதா. இவை கெட்டால் தஞ்சாவூர் வரை தேடினாலும் கிடைக்காது. பந்தல் துணி தைக்கிறவரிடம் பாயைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் கொடுக்கவில்லை.

ஆழமில்லாத கடலுக்கென்று ஒரு தொல்லை உண்டு. படகு சாய்ந்து விழுந்தால் பாய்மரத்தின் நுனி சேற்றில் போய்க் குத்திக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் மரம் வளைந்துவிடும். அதற்காக ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் காலியாக்கி, இறுக்கி மூடி, மரத்தின் உச்சியில் கட்டியிருக்கிறோம். பார்க்க அசிங்கம்தான். ஆனால் அந்தக் கேன் மிதப்பதால் மரம் சட்டென்று கீழே போவதில்லை. வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தோம். ஒருவர் மரத்தின் நுனி வரை நடந்துபோய்த் தூக்கிவிட, இன்னொருவர் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சென்டர்போர்டில், அதாவது தூக்கி இறக்கும் நடுப்பலகையில், ஏறி நின்றால் படகு நிமிர்ந்துவிடுகிறது. ஆழ்கடலில் இப்படி நடந்துபோக முடியுமா?

சுக்கான் என் கையில், முன்பாய் என் வீட்டுக்காரர் கையில். எடை கூடியவர் வெளியே சாய்ந்து உட்கார வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. வீட்டில் யார் சொல்வது நடக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்ப்படகும் போகாது. ஏறக்குறைய 45 டிகிரி ஒதுங்கி இப்படியும் அப்படியுமாக வெட்டி வெட்டித்தான் முன்னேற வேண்டும். இதைப் புத்தகத்தில் படிக்கலாம். எங்கே திருப்புவது என்பதைக் கற்றுக்கொடுத்தவர் இளமையில் பாய் கட்டிய வத்தை என்ற நாட்டுப்படகு ஓட்டிய ஒரு பெரியவர். "ஆத்தா, பாயவே பாத்துக்கிட்டு இருக்காத. தண்ணியப் பாரு. கறுத்து வர்ற எடத்துல காத்து இருக்கு" என்றார். அதன் பிறகுதான் காற்று வந்து அடிப்பதற்கு முன்பே கயிற்றைத் தளர்த்தக் கை பழகியது.

பெரியவர் அடித்துச் சொன்ன இன்னொன்று வாடைக்காற்றைப் பற்றி. பங்குனி, சித்திரை மாலைகளில் அடிக்கும் சோழகம் என்ற தென்காற்று கடலிலிருந்து வருவது. பாயை இறக்கிவிட்டுச் சும்மா இருந்தாலும் கரையில் கொண்டுவந்து சேர்த்துவிடும். வாடை அப்படியில்லை. அதிராம்பட்டினத்துக்கு அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று. கரையோரம் தண்ணீர் சலனமில்லாமல் கிடக்கும். பாயை ஏற்றியதும் படகு வழுக்கிக்கொண்டு போகும். நன்றாகத் தள்ளிப் போன பிறகு அலை எழும். திரும்பி வருவதென்றால் முழுக்க எதிர்க்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் படகை இறக்குவதே இல்லை. அது புயல் காலமும்கூட. 2018 நவம்பரில் கஜா வந்துபோன பிறகு மல்லிப்பட்டினத்தில் படகுகள் கிடந்த கிடப்பைப் பார்த்தவர்கள் யாரும் அந்த மாதங்களில் கடலோடு விளையாட மாட்டார்கள்.

எனக்கு வங்கி வேலை, ஞாயிறுதான் ஓய்வு. இந்தப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் போகும் வழக்கம். மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. அதனால் ஞாயிறன்று கரையோரம் நண்டு வலை நிறைய கிடக்கும். தெர்மோகோல் மிதவை கண்ணில் பட்டதும் சென்டர்போர்டைத் தூக்கிவிட்டு ஒதுங்கிப் போகிறோம். ஒருவருடைய பிழைப்பைக் கிழித்துக்கொண்டு உல்லாசப் பயணம் போக முடியாது. கடற்புல்லும் அப்படித்தான். 2022இல் இங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். ஆவுளியா என்று நாங்கள் சொல்லும் கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். மேற்கே சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரம் கண்ணுக்குத் தெரிந்ததும் திரும்பிவிடுவது எங்கள் கணக்கு. கிளம்பும் முன் கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிடுவோம். மிதவைச் சட்டை இல்லாமல் ஏறுவதில்லை.

போன மாதம் பெரியவரை ஏற்றிக்கொண்டு போனோம். சுக்கானைக் கையில் வாங்கியவர், "பலக எங்க?" என்று தேடினார். வத்தையில் குறுக்கே பலகை நீட்டி, ஆள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து படகைச் சமன்செய்வார்கள். நம் படகில் காலை மாட்டிக்கொள்ளும் பட்டைதான் உண்டு. அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குப் பலகை ஆசை. பலகையில் ஆள் ஏறினால் பாய்மரக் கம்பிக்குத்தான் பளு, கம்பியோ பழசு. முதலில் கம்பியை மாற்றலாம், பலகையை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் மரவாடியில் விலை விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்.