வல்லூறு கதையும் பின் வரிசைப் பாட்டிகளும்

பள்ளி விடுமுறையில் என் வல்லூறு கதையைத் தூக்கிக்கொண்டு ரோஸ் ஹில், கத்ர் போர்ன், போர்ட் லூயி என்று மொரீஷியஸில் ஊர் ஊராகச் சுற்றுகிறேன். குழந்தைகள் தனியாக வருவதில்லை, குடும்பமே வருகிறது. பிள்ளைகளுக்கு வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான க்ரியோல்தான், தமிழ் பள்ளியில் ஒரு பாடம், அவ்வளவே. பாட்டிகளோ பையை மடியில் வைத்துக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள், அவர்களுக்கு ஏதாவது வேலை கொடுக்காமல் கதையைத் தொடங்க எனக்கு மனசே வராது.

அதனால் முதலில் க்ரியோல் விடுகதை. "சிரந்தான்?" என்று நான் கேட்டால் "சாம்பெக்!" என்று பதில் சொல்வதுதான் விடுகதை தொடங்கும் வழக்கம், அந்த முதல் குரல் பின்னாலிருந்துதான் வரும். "திலோ திபுத்?" நிற்கிற தண்ணீர் எது? கரும்பு. "திலோ பான்தான்?" தொங்குகிற தண்ணீர்? தேங்காய். பாட்டிக்கு இதெல்லாம் தெரியுமா என்று பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள் பாருங்கள்! அப்புறம் நான் தமிழில் வாசிக்க வாசிக்க, புரியாத இடத்தில் பாட்டியே காதில் க்ரியோலில் சொல்லிவிடுகிறார். என் வேலை பாதி குறைந்தது.

கதை நிஜத்தில் நடந்தது. மலேரியாவை ஒழிக்க டிடிடி என்ற பூச்சிமருந்து தெளித்தார்கள், காடுகள் அழிந்தன, மரப்பொந்தில் வல்லூறு இட்ட முட்டைகளைக் குரங்கு தின்றது. 1974-இல் இந்தத் தீவில் எஞ்சியதாகத் தெரிந்தவை 4 வல்லூறுகள். அதில் ஒரு ஜோடி மரத்தை விட்டுவிட்டுச் செங்குத்தான பாறைப் பொந்தில் முட்டையிட்டது, குரங்கால் அங்கே ஏற முடியவில்லை. பிறகு கார்ல் ஜோன்ஸ் என்ற பறவை ஆய்வாளர் வந்து, கூட்டிலிருந்த முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் பொரிக்கவைத்தார். இங்கேதான் எல்லா ஊரிலும் ஒரு கை உயரும்.

"மிஸ், முட்டையை எடுத்துட்டா அம்மா அழாதா?"

முதல் முட்டைகள் போனால் தாய் மறுபடியும் முட்டையிடும், அந்த நம்பிக்கையில்தான் எடுத்தார்கள் என்று சொல்கிறேன். பிள்ளைகள் சமாதானமாகிவிடுகிறார்கள், அம்மாக்கள்தான் ஆவதில்லை. இப்போது காட்டில் சில நூறு வல்லூறுகள் பறக்கின்றன என்று சொன்ன பிறகுதான் அவர்கள் முகம் தெளிகிறது.

அடுத்த கேள்வி டோடோ, இங்கே வாழ்ந்து அழிந்துபோன பறவை. இந்தத் தீவில் அந்தக் கேள்வி வராமல் இருக்குமா? டோடோ தரையில் முட்டையிட்டது, மனிதர் கொண்டுவந்த பன்றி, எலி, குரங்கு எல்லாம் சேர்ந்து தின்று தீர்த்தன என்றேன்.

"அதுவும் பாறைக்குப் போயிருக்கலாமே?" என்றான் ஒரு பொடியன்.

"அதுக்குப் பறக்கத் தெரியாதுடா" என்றார் அவன் பாட்டி.

"ஏணி வெச்சிருக்கலாம்ல?"